நாகூர் வெளிமாநிலம், மாஹி சொந்த மாநிலம்

ஒரு கோப்பு அடுத்து யாரிடம் செல்ல வேண்டும், எந்த நிபந்தனையில் வழி மாற வேண்டும் என்னும் விதிகளை மென்பொருளுக்குள் புதைத்துவிடாமல் தனி வரைபடமாக எழுதிவைத்து, அதைப் படித்து ஒவ்வொரு கோப்பையும் அடுத்த படிக்கு நகர்த்தும் பகுதியைத் துறையினர் வொர்க்ஃப்ளோ எஞ்சின், அதாவது பணியோட்டப் பொறி, என்கின்றனர். பிபிஎம்என் என்னும் குறியீட்டு முறையில் வரையப்படும் அவ்வரைபடத்தில் பாதை பிரியும் இடத்தைச் சாய்சதுரம் குறிக்கும். நுட்பமெல்லாம் அந்தச் சாய்சதுரத்தில் கேட்கப்படும் கேள்வியில்தான் இருக்கிறது.

அதற்குக் காரைக்காலைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் நீங்கிய பின்னும் புதுச்சேரியோடு நிலைத்துவிட்ட இவ்வட்டாரத்துக்குக் கடல் நீங்கலாக எத்திசையிலும் தமிழ்நாடே எல்லை. 2017இல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது பதிவெண்ணின் முதலிரு இலக்கங்கள் தமிழ்நாட்டுக்கு 33 என்றும் புதுச்சேரிக்கு 34 என்றும் அமைந்தன. எனவே காரைக்கால் வணிகர் பக்கத்து ஊரான நாகூருக்கு 80,000 ரூபாய்க்கு வரிக்குரிய சரக்கை விற்றால், அது மாநிலங்களிடை விற்பனையாகி ஐஜிஎஸ்டி விதிக்கப்படுவதோடு, மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்ததால் இ-வே பில் என்னும் மின்வழிச் சீட்டும் தேவைப்படும். அதே சரக்கு நாகூரிலிருந்து கோயம்புத்தூர் வரை சென்றாலும் சீட்டு வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குள் வரம்பு ஒரு லட்சம்.

இனி, அச்சரக்கு மாஹிக்குச் செல்வதாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டைக் கடந்து, கேரளத்தையும் கடந்து, அரபிக்கடல் ஓரம் சேர வேண்டிய லாரி அது. ஆயினும் மாஹியும் புதுச்சேரியின் பகுதியாதலால் விற்பனை மாநிலத்துக்கு உட்பட்டதே. மத்திய ஜிஎஸ்டியும் மாநில ஜிஎஸ்டியும்தான் விதிக்கப்படும். இ-வே பில்லோ இங்கும் தேவை, ஏனெனில் வண்டி பிற மாநிலங்களின் வழியே ஓடுகிறது. விற்றவரும் பெறுபவரும் எந்த மாநிலம் என்று வரி கேட்கிறது. சாலை எவ்வழிச் செல்கிறது என்று சீட்டு கேட்கிறது. இரண்டையும் ஒரே சாய்சதுரத்தில் அடைத்த மென்பொருள் கோயம்புத்தூர்க் கணக்கில் பிழையின்றி ஓடி, காரைக்கால் கணக்கில் இடறும்.

விதி மாற்றத்தைப் பற்றியும் ஒரு சொல்: இ-வே பில்லின் ஒரு நாள் செல்லுபடிக்கு 100 கிலோமீட்டர் என்றிருந்த அளவு 2021 ஜனவரி 1 முதல் 200 ஆனது. விதி தனியே எழுதப்பட்ட மென்பொருளில் இது ஓர் எண்ணைத் திருத்தும் வேலை மட்டுமே. வணிக மென்பொருள் வடிவமைப்போர் தம் சோதனைப் பட்டியலில் காரைக்காலிலிருந்து மாஹிக்கு ஒரு லாரியையேனும் அனுப்பிப் பார்ப்பார்களாக.