படியும் தோட்டாவும்



பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் என் சொந்த ஊர். என் இளமையில் அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எங்கள் வீட்டில் சோளமும் வரகும் அளப்பதற்கு இரண்டு பித்தளைப் படிகள் இருந்தன. ஒன்று வார்ப்புப் படி. மற்றது தகட்டால் செய்தது. உயரத்திலும் சுற்றளவிலும் இரண்டும் ஒன்றே. ஒரு நாள் கூலி வாங்க வந்த மூதாட்டி ஒருவர் என் பாட்டனாரிடம், "ஐயா, தகட்டுப் படியால் அளக்கும் நாளில் என் பானை நிறைகிறது, வார்ப்புப் படியால் அளக்கும் நாளில் குறைகிறதே!" என்றார். பாட்டனார் மறுமொழி சொல்லவில்லை. தகட்டுப் படி நிறைய நீர் மொண்டு வார்ப்புப் படியில் ஊற்றினார். அது நிறைந்து, மிச்ச நீர் திண்ணையில் வழிந்தது. அதன் பிறகு அந்தப் படியைக் கொண்டு அவர் கூலி அளந்ததில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோர், ஒருமுறை சுட்ட கூட்டிலேயே மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்துவது பல நாடுகளில் வழக்கம். அவர்களுள் சிலர் மருந்தின் அளவில் காட்டும் கவனத்தைக் கூட்டில் காட்டுவதில்லை. அதனால் நேரும் அபாயத்தை விளக்க, எங்கள் வீட்டுப் படிகளே போதும்.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: கூடு, அதன் அடியில் தீ மூட்டும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. கூடு செய்யும் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். மருந்து எரிந்து வாயுவாக மாறுகையில் கூடு விரிந்து, துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் வாயு பின்னோக்கிக் கசிவதில்லை. குண்டு வெளியேறிய பின் கூடு சற்றே சுருங்கி, எளிதில் வெளிவருகிறது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். இரண்டும் பித்தளையில் அமைந்திருப்பதால்தான் அது இப்பணிக்கு உகந்ததாயிற்று.

இனி அளவுக்கு வருவோம். .308 வின்செஸ்டர் என்னும் தோட்டா 1952-இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே வடிவுள்ள 7.62 மில்லிமீட்டர் இராணுவத் தோட்டாவை நேட்டோ நாடுகள் 1954-இல் ஏற்றன. 1960-களில் நம் படையிலும் பழைய .303 துப்பாக்கியின் இடத்தை 7.62 துப்பாக்கி பெறத் தொடங்கிற்று. இவ்விருவகைக் கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஆனால் இராணுவக் கூட்டின் சுவர் பெரும்பாலும் பருத்தது. வெளியளவு ஒன்றாயிருக்கச் சுவர் பருத்தால், உள்ளிடம் குறையத்தானே வேண்டும்?

எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளையின் எடை சுமார் 8.5 கிராம். ஆகவே கூடு 1 கிராம் கூடுதலாக இருந்தால், உள்ளிடத்தில் 0.12 கன சென்டிமீட்டர் போய்விடுகிறது. இத்தகைய கூடு கொள்ளும் நீரே சுமார் 3.6 கன சென்டிமீட்டர்தான். எனவே நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் இடம் குறைந்துவிடுகிறது.

"மூன்று பங்குதானே!" என்று எண்ணிவிடலாகாது. புகையிலா மருந்தின் இயல்பு, அழுத்தம் ஏற ஏற இன்னும் விரைந்து எரிவது. இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எரியும் வேகம் கூடும். அந்த வேகம் அழுத்தத்தை மேலும் ஏற்றும். ஆதலால் இடம் குறைந்த விகிதத்தைவிட அழுத்தம் ஏறும் விகிதம் மிகுதி. இந்தத் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தமே, நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. மெல்லிய கூட்டுக்கு உச்ச வரம்பில் கண்ட மருந்தளவைப் பருத்த கூட்டில் இட்டால், வரம்பு மீறிப் போகும்.

கூட்டின் கழுத்துப் பருமனும் கவனிக்கத்தக்கது. கழுத்து மிகப் பருத்திருந்தால், அறைச் சுவருக்கும் அதற்கும் இடைவெளி இராது. விரிய இடமில்லாத கழுத்து குண்டை இறுகப் பற்றிக்கொள்ளும். அழுத்தம் உடனே உயரும்.

பருமன் மட்டுமன்றி, பித்தளையின் நிலையும் ஆராயத்தக்கது. இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையினர் இந்தியாவில் குதிரை லாயங்களுக்கருகே சேமித்து வைத்த தோட்டாக் கூடுகள், மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. சுடாத தோட்டா ஏன் வெடிப்பு விட வேண்டும் என்பது நெடுங்காலம் புதிராயிருந்தது. 1921-இல் விளக்கம் கிடைத்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றில் கலந்து பித்தளையை அரித்தது. கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துள் தங்கிவிட்ட இறுக்கம், அரித்த இடத்தைப் பிளந்தது. கூடுகளை அளவோடு சூடாக்கி அந்த இறுக்கத்தைப் போக்கியதும் நோய் தீர்ந்தது. அம்மோனியா கலந்த திரவங்களால் கூட்டைத் துலக்கலாகாது என்பதற்கும் காரணம் இதுவே.

ஆகவே செய்ய வேண்டியவை சில. ஒரே தயாரிப்பாளரின், ஒரே தொகுதியைச் சேர்ந்த கூடுகளைத் தனியே வைக்க வேண்டும். எடை மட்டும் பார்த்தால் போதாது. மிகுந்த எடை சில சமயம் அடிப்பகுதியின் வெளிவிளிம்பில் இருக்கக்கூடும். சுட்ட கூட்டைக் கேப்போடு நிறுத்து, விளிம்பு வரை நீர் நிரப்பி மறுபடி நிறுத்தால், உள்ளிடம் இவ்வளவு என்று தெளிவாகும். கூட்டின் வகை மாறினால், மருந்தளவைக் குறைத்துத் தொடங்கி, அங்கீகரிக்கப்பட்ட கையேட்டின்படியே படிப்படியாகச் செல்ல வேண்டும். வெடிப்புக் கண்ட கூட்டை எறிந்துவிட வேண்டும். அதன் வழியே கசியும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வதை 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அந்த வார்ப்புப் படி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பார்வைக்குத் தகட்டுப் படியைவிட அழகானது. அதில் இப்போது திரியும் தீப்பெட்டியும் போட்டு வைத்திருக்கிறோம்.