பழைய தண்டவாளத்துக்கு என்ன கிடைக்கும்?

2017 செப்டம்பரில் சபர்மதியில் மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதிவேக ரயில் நமக்கு வேண்டுமா என்ற விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. வேண்டும் என்பவர்கள் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் 1.08 லட்சம் கோடி ரூபாய் என்ற தொடக்க மதிப்பீட்டைக் காட்டுகிறார்கள். அந்தத் தொகையையும் திட்டம் கடந்துவிட்டது. இரு தரப்பாரின் கண்ணும் புதிய பாதையின் மேலேயே இருக்கிறது. நான் அதன் பக்கத்தில் பல காலமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிவேகப் பாதை ஒன்று வந்தபின் பழைய பாதையில் யாருக்கு எத்தனை வண்டி கூடுதலாகக் கிடைக்கும்? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை உள்ள திட்டம் கட்டத் தகுந்தது. விடை இல்லாத திட்டம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் காத்திருக்கலாம். இதுவே என் வாதம்.

இதற்குக் காரணம் தண்டவாளத்தின் கணக்கிலேயே இருக்கிறது. நூறு கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் போகும் சரக்கு வண்டிக்கு அதைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் போகும் எக்ஸ்பிரஸுக்கு ஒரு மணி நேரம் போதும். சரக்கு வண்டி கிளம்பிய உடனே எக்ஸ்பிரஸை விட்டால் சற்றுத் தூரத்திலேயே அது முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டும், இல்லையேல் சரக்கு வண்டியை வழியில் ஏதாவது ஒரு சிறு நிலையத்தின் லூப் லைனில் ஒதுக்கி நிறுத்த வேண்டும். எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் போனால் அந்த ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்தாறு வண்டிகளை விட்டிருக்கலாம். வேக வித்தியாசம் கூடக் கூடப் பாதையின் கொள்ளளவு குறைகிறது. வந்தே பாரத்தைப் பழைய பாதையிலேயே 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வண்டி தடையில்லாமல் போவதற்காக எத்தனை பாசஞ்சர்கள் வெளி சிக்னலில் நிற்கின்றன என்பது அதில் பயணம் செய்பவர் கண்ணில் படுவதில்லை. நிற்கும் பாசஞ்சரில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஜப்பான் 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே முதல் ஷின்கான்சென் அதிவேகப் பாதையைத் திறந்ததற்கு இந்த நெருக்கடியே காரணம். அந்நாட்டு இருப்புப்பாதை நீளத்தில் பழைய டொக்காய்டோ பாதையின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதம். ஆனால் நாட்டின் மொத்த ரயில் போக்குவரத்தில் கால்வாசியை அது சுமந்தது. ரயில்வேயின் தலைவராக இருந்த சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிடேயோவும் விரைவு வண்டிகளை வேறொரு பாதைக்கு மாற்றிவிட்டு, பழைய குறுகிய பாதையைச் சரக்குக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விடத் திட்டமிட்டார்கள். ஆறரை மணி நேரப் பயணம் முதலில் நான்கு மணி நேரமாகக் குறைந்தது. பழைய பாதை மூச்சு விட்டது. இந்த வெற்றியைச் சொல்லும்போது அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். செலவு முதல் மதிப்பீட்டைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. அதற்குப் பொறுப்பேற்று சோகோ 1963-இல் பதவியை விட்டார், ஷிமாவும் விலகினார். தொடக்க விழா இருவரும் பதவியில் இல்லாமலே நடந்தது. உலக வங்கி தந்த எட்டுக் கோடி டாலர் கடனை ஜப்பான் முழுவதுமாக அடைத்தது. திட்டத்தைத் தாங்கியது அதன் அடியில் ஏற்கெனவே இருந்த கூட்டம் என்பது என் துணிபு.

அதே நாடு, அதே தொழில்நுட்பம், நேர்மாறான விளைவு ஒன்றும் உண்டு. 1997-இல் நாகானோவுக்கு ஷின்கான்சென் வந்தபோது அதற்கு இணையாக மலையேறிய பழைய பாதையில் யோகோகாவாவுக்கும் கருயிசாவாவுக்கும் இடைப்பட்ட பகுதியை மூடிவிட்டார்கள். அங்கே பேருந்து ஓடுகிறது. கருயிசாவாவுக்கு அப்பால் உள்ள பகுதி உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் போயிற்று. கியூஷூ தீவில் 2004-இல் இன்னும் வருத்தமான ஒன்று நடந்தது. யாட்சுஷிரோவுக்கும் செண்டாய்க்கும் இடையே கடலோரமாக ஓடும் பழைய பாதை ஹிசாட்சு ஆரஞ்சு ரயில்வே என்ற உள்ளூர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மேலே மின்கம்பி ஓடுகிறது, கீழே அந்த நிறுவனம் செலவைக் குறைக்க ஒற்றை டீசல் பெட்டியை ஓட்டுகிறது. ஷின்கான்சென்னில் ஏறும் பயணிக்கு இது தெரியவே தெரியாது. இடைப்பட்ட சிற்றூர்களில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் மருத்துவமனைக்குப் போகும் முதியவருக்கும் இதுவே ரயில். டொக்காய்டோவில் பழைய பாதை நிரம்பி வழிந்தது, அதனால் புதியது வந்ததும் அது பலன் பெற்றது. இங்கே நெரிசலே கிடையாது. இருந்த கொஞ்ச வருமானத்தையும் புதிய பாதை எடுத்துக்கொண்டுவிட்டது.

பாதை போட்டால் கூட்டம் தானே வரும், இன்றைய நெரிசலை வைத்து நாளையை அளக்கலாமா என்பது முதல் எதிர்வாதம். இதில் உண்மை இருக்கிறது. பாரிஸ்–லியோன் பாதை 1981-இல் திறந்ததும் விமானத்தில் போனவர்களும் ரயிலுக்கு வந்தார்கள். 1992-இல் மாட்ரிட்–செவில்லா பாதையிலும் அப்படியே ஆயிற்று. ஆனால் இவை முன்பே போக்குவரத்து பெருகியிருந்த பெருநகரங்கள். பாரிஸிலிருந்து தெற்கே போகும் பழைய பாதையிலும் நெரிசல் முற்றியிருந்தது. அதே ஸ்பெயின் டொலேடோவிலிருந்து குவெங்கா வழியாக அல்பசேட்டேக்கு நேரடி அதிவேக வண்டி விட்டுப் பார்த்தது. நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்பது பேர் ஏறினார்கள். சில மாதங்களில், 2011-இல், அது நின்றது. வேகம் கூட்டத்தைப் பெருக்கும். கூட்டமே இல்லாத இடத்தில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது எதிர்வாதம் மறுபுறத்திலிருந்து வருவது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். இவ்வளவு பணத்தைப் பழைய பாதைகளின் பாதுகாப்புக்குச் செலவிட்டால் எத்தனை உயிர் மிஞ்சும் என்று கேட்கிறார்கள். அனில் ககோட்கர் குழு 2012-இல் பாதுகாப்புக்காக ஐந்து ஆண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் செலவிடச் சொன்னது. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் புகுந்து அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிக்னல் மின்சுற்றில் நடந்த பிழைதான் காரணம் என்று விசாரணை சொன்னது. பிரதான பாதையில் முழு வேகத்தில் வரும் விரைவு வண்டி, பக்கத்து லூப்பில் ஒதுங்கி நிற்கும் சரக்கு வண்டி: சற்றுமுன் நான் காகிதத்தில் போட்ட கணக்கு அங்கே ரத்தத்தில் எழுதப்பட்டது. வேகம் வேறுபட்ட வண்டிகளை ஒரே பாதையில் நெருக்கி ஓட்டும்போது பிழைக்கு இடமே இல்லாமல் போகிறது. ஆகவே பாதுகாப்புக்கான பணமும் பாதைகளைப் பிரிப்பதற்கான பணமும் ஒன்றையொன்று வெட்டுபவை என்று நான் கருதவில்லை. சிக்னல் வேலைக்குக் கொடுக்க வேண்டியதைப் பிடித்துவைத்துப் புல்லட் ரயில் கட்டுவதை ஒருபோதும் ஏற்க முடியாது. முதலில் கொடுக்க வேண்டியது அதற்கே. ஆனால் பழைய பாதையை மேம்படுத்தினால் எல்லாம் மலிவாக முடிந்துவிடும் என்பதும் நம்பிக்கைதான். பிரிட்டனில் லண்டன்–கிளாஸ்கோ பாதையை வண்டிகள் ஓட ஓடவே புதுப்பித்தார்கள். செலவு தொடக்க மதிப்பீட்டைவிடப் பல மடங்காகியும், முதலில் அறிவித்த வேகம் கிடைக்கவில்லை.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பை–அகமதாபாத் திட்டச் செலவில் 81 சதவீதத்தை ஜப்பான் 0.1 சதவீத வட்டியில், 50 ஆண்டுகளில் அடைக்கும்படி தருவதாக ஏற்பாடு. இதைக் கிட்டத்தட்ட இலவசம் என்று பேசுகிறார்கள். கடன் யென்னில் இருக்கிறது, டிக்கெட் வருமானம் ரூபாயில் வரும். அரை நூற்றாண்டில் ரூபாயின் மதிப்பு எவ்வளவு சரியுமோ அவ்வளவும் மறைமுக வட்டிதான். தொழில்நுட்பத் தேர்வும் கடனோடு சேர்ந்தே வந்துவிட்டது.

அந்தத் தேர்வில்தான் எனக்குப் பெரிய கவலை. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். புல்லட் ரயில் பாதை 1,435 மில்லிமீட்டர். பிரான்சில் இரண்டு பாதைகளுக்கும் ஒரே அகலம் என்பதால், பாரிஸிலிருந்து கிளம்பிய அதிவேக வண்டி புதிய பாதை முடிந்ததும் பழைய பாதையில் இறங்கி ஜெனீவாவுக்கும் மார்செய்க்கும் போயிற்று. அதனால் தொடக்க காலத்திலிருந்தே பலன் தூரத்து ஊர்களுக்கும் பரவியது. அகமதாபாத் வரை வரும் புல்லட் ரயிலால் ராஜ்கோட்டுக்குப் போக முடியாது. தனிப் பாதை பாதுகாப்பானது என்பது சரியே. லெவல் கிராஸிங் இல்லை, சரக்கு வண்டி இல்லை, ஜப்பானில் ஷின்கான்சென் தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. ஆனால் பலன் 12 நிலையங்களோடு நின்றுவிடும் என்பதால், பழைய பாதையில் என்ன மாற்றம் வரும் என்று எழுதிக் காட்டும் கடமை தனிப் பாதைக்கு இரட்டிப்பாகிறது. கேரளத்தின் சில்வர்லைன் ரயில் திட்டம் அதைக் காட்டவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை 529 கிலோமீட்டர், ஏறத்தாழ 64,000 கோடி ரூபாய், பாதி தூரத்துக்கு மேல் மண்கரை, அதுவும் 2018 வெள்ளத்தைப் பார்த்த மண்ணில். அங்கே பழைய பாதையில் நெரிசல் உண்மையானது, மூன்றாவது பாதை உண்மையாகவே தேவை. தேர்ந்தெடுத்ததோ மற்ற எந்த வண்டியும் ஏற முடியாத தனி அகலம். 2022-இல் நில அளவைக்காக வீட்டு வாசலில் நட்ட மஞ்சள் கற்களைப் பெண்கள் பிடுங்கி எறிந்ததை வளர்ச்சிக்கு எதிரான ஆவேசம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. நிலம் கேட்டவர்கள், நிலம் கொடுப்பவர் ஏறும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென்னை–மைசூர் தடத்தில் 435 கிலோமீட்டர் அதிவேகப் பாதைக்கு ஆய்வு நடந்திருக்கிறது. அதன் திட்ட அறிக்கையைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் தேடுவது அரக்கோணத்தையே. சென்னை–அரக்கோணம் மின்ரயில்களுக்கும், முன்பதிவில்லாப் பெட்டியில் தொங்கிப்போகும் ஜோலார்பேட்டைக்காரருக்கும் எத்தனை வண்டி கூடும் என்று அதில் ஓர் அட்டவணை இருக்க வேண்டும்.

மும்பைப் பக்கம் அப்படி எழுதிக் காட்டும் வாய்ப்பு இன்னும் கைநழுவவில்லை. அங்கே சரக்குக்கென்று தாத்ரியிலிருந்து ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் தனிப் பாதை வகுக்கப்பட்டிருக்கிறது. மெதுவான வண்டிகள் அதற்குப் போய், மிக விரைவாகப் போக விரும்புவோர் புல்லட் ரயிலுக்குப் போனபின் பழைய மேற்கு ரயில் பாதையில் ஏராளமான நேரம் விடுபடும். அந்த நேரம் யாருக்கு என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். பால்கர் மாவட்டத்தின் ஆதிவாசிகளும் விவசாயிகளும் புல்லட் ரயிலுக்கும் சரக்குப் பாதைக்கும் நிலம் கொடுத்தவர்கள், பலர் மனமில்லாமல். மும்பையைச் சுற்றிச் சுமார் 22,000 அலையாத்தி மரங்களை வெட்ட 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது. அந்த இழப்பும் அந்தக் கரையோர மக்களுடையதே. போயிசரில் புல்லட் ரயில் நிற்கும் என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல் இல்லை, அதன் கட்டணம் அவர்களுக்கானது இல்லை. அவர்களுடைய வண்டி 2013-இல் தொடங்கிய டகாணு–விரார் லோக்கல். இன்று விரைவு வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் வழிவிட்டு இடைவெளி கிடைக்கும்போது ஓடும் வண்டி அது. புல்லட் ரயில் முழுமையாகத் திறக்கும் ஆண்டில் பழைய பாதையின் கால அட்டவணை எப்படி இருக்கும் என்பதை ரயில்வே அதற்கு முன்பே அச்சிட்டுப் பால்கர் கிராமசபைகளின் முன் வைக்க வேண்டும். விடுபடும் நேரத்தில் முதல் பங்கு டகாணு லோக்கலுக்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். புதிதாக இன்னும் நான்கு வந்தே பாரத்கள் என்று எழுதியிருந்தால் அதைத் திருப்பி அனுப்பும் உரிமை அந்த மக்களுக்கு இருக்க வேண்டும்.