நாட்டு மாட்டுக்கு நோயே வராதா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு வாசனையும் வருகிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மக்கள் திரண்ட பிறகு, நாட்டு மாட்டைப் பற்றிய பேச்சு ஊரெங்கும் பெருகியது. நல்லதுதான். ஆனால் கூடவே ஒரு நம்பிக்கையும் வந்து ஒட்டிக்கொண்டது. காங்கயம் பக்கம் கோமாரித் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “ஏனுங்க டாக்டரு, இது நாட்டு மாடுங்க. இதுக்கெல்லாம் நோயே வராதாமுங்களே, எதுக்குங்க ஊசி?”

இதற்கு “ஆமாம்” என்று சொன்னாலும் தப்பு. “எல்லாம் கட்டுக்கதை” என்று சொன்னாலும் தப்பு. சரியான பதிலைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்தான்.

முதலில் வெக்கை நோயைப் பார்ப்போம். இங்குள்ள மாணவர்கள் யாரும் அதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. இந்தியாவில் 1995இல் கடைசியாக வந்தது. 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். 1920களில் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் அந்த வைரஸை ஆடுகளில் மாற்றி மாற்றிச் செலுத்தி, வீரியம் குறைந்த ஒரு தடுப்பூசியை உருவாக்க வழி செய்தார். சமவெளி நாட்டு மாடுகளுக்குப் போட்டால் லேசான காய்ச்சலோடு தப்பித்தன. நீண்டநாள் பாதுகாப்பும் கிடைத்தது. அதே ஊசியை மலை மாடுகளுக்கோ சீமை மாடுகளுக்கோ போட்டால் ஆபத்து. மருந்து ஒன்றுதான், மாடுதான் வேறு. பல தலைமுறையாக வெக்கையோடு மல்லுக்கட்டி, செத்தது போக மிஞ்சியதன் வாரிசுகள் நம் சமவெளி மாடுகள். அந்தப் போராட்டம் அவற்றின் ரத்தத்தில் பதிந்திருந்தது.

இரண்டாவது, உண்ணி மூலம் பரவும் தைலேரியா. பிரிட்டனில் ஆய்வாளர்கள் சாகிவால் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் ஒரே அளவு கிருமியைக் கொடுத்துப் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். சாகிவாலுக்குக் கிருமி தொற்றவில்லையா? தொற்றத்தான் செய்தது. ஆனால் காய்ச்சல் குறைவு, கன்றுகள் தேறிவிட்டன. ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கோ கடுமையான நோய். அவற்றின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. வீட்டுக்குள் திருடன் புகுந்தால் அவனைப் பிடிக்க வேண்டுமே தவிர, வீட்டையே கொளுத்தக் கூடாது அல்லவா? சாகிவாலின் உடம்புக்கு அந்த நிதானம் தெரிந்திருக்கிறது.

மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: எதிர்ப்புச் சக்தி என்பது கிருமியே அண்டாமல் இருப்பது மட்டுமல்ல. அண்டிய கிருமியைத் தாங்கிச் சமாளிப்பதும் அதில் அடக்கம்.

இப்போது மறுபக்கம். 2019இல் தோல் கழலை நோய் ஒடிசா வழியாக நம் நாட்டுக்குள் வந்தது. 2022இல் ராஜஸ்தானையும் குஜராத்தையும் உலுக்கி எடுத்தது. அந்தப் பகுதியின் நாட்டு மாடுகளும் ஏராளமாக மாண்டன. ஏன்? அந்த வைரஸ் இந்த மண்ணுக்குப் புதிது. பழைய பகையாளியின் அடவுகள் நம் மாட்டுக்குத் தெரியும். புதிதாக வந்தவனை அதற்குத் தெரியாது. “நாட்டு மாடு, ஊசி வேண்டாம்” என்று விட்டிருந்தால் யார் பதில் சொல்வது?

மரபணு விஷயத்திலும் ஒரு வார்த்தை. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தாமா என்று ஒரு பழைய மாட்டினம். திமில் கிடையாது, உருவமும் சிறியது. செட்சீ ஈ பரப்பும் டிரிப்பனோசோமா நோயைத் தாங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் போரான் இனம் தாங்காது. இரண்டையும் கலந்து, பேரக் கன்றுகள் வரை ஆராய்ந்த முடிவு 2003இல் வெளியானது. தாங்கும் சக்தி ஒரே மரபணுவில் இல்லை, பல குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தது. அதைவிட ஆச்சரியம், சில இடங்களில் நன்மை தரும் மரபணு நோய் தாங்காத போரானிடமிருந்தே வந்திருந்தது! எந்த மாட்டில் எந்தச் சொத்து ஒளிந்திருக்கிறது என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆகவேதான் எந்த இனத்தையும் அழிய விடக்கூடாது என்கிறேன்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டு இன மாடுகள் முந்தைய கணக்கைவிட 6 சதவீதம் குறைந்தன; கலப்பினம் பெருகியது. பால் விற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி எல்லாம் பெயருக்கு நாலு காளை என்று சுருங்கிவிட்டால், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி, இருக்கிற சக்தியும் வற்றிப்போகும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. நம்மவர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு நோய் வரும்போது எந்த இனத்தில் எத்தனை படுத்தது, எத்தனை தேறியது, எத்தனை செத்தது, ஊசி போட்டிருந்ததா என்று ஒரே மாதிரிப் படிவத்தில் எழுதி அனுப்புவோம். பத்து வருடம் எழுதினால், பெருமையாகவும் வம்பாகவும் பேசுவதெல்லாம் கணக்காக மாறும். மாணவச் செல்வங்களே, அந்தப் படிவத்தின் முதல் வரியை நீங்கள் எழுதுங்கள்.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “மாடு கெட்டிதானுங்க. ஆனாலும் ஊசி போட்டுக்குவோமுங்க.” போட்டுக்கொண்டார்.