உப்பு போகும் வழியே தண்ணீர் போகும்



குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்" என்று சொல்லும் குரல் இன்றும் சில வீடுகளில் கேட்கிறது. அது உயிரைப் பறிக்கும் அறிவுரை. ஏன் என்பதைத் தண்ணீரின் இயல்பே சொல்கிறது.

தண்ணீர் மூலக்கூறில் நடுவே ஆக்சிஜன். இரு கைகள்போல் இரண்டு ஹைட்ரஜன். அந்தக் கைகள் நேராக நீளவில்லை, 104.5 பாகையில் வளைந்திருக்கின்றன. அதனால் ஒரு முனையில் சிறிது எதிர்மின் தன்மை, மறுமுனையில் சிறிது நேர்மின் தன்மை. உப்பைப் போட்டதும் சோடியத்தை ஒரு முனையும் குளோரைடை மறுமுனையும் சூழ்ந்துகொள்கின்றன. உப்பு கரைகிறது. நம் ரத்தத்தில் உப்பும் சர்க்கரையும் கரைந்து ஓடுவது இந்த இயல்பால்தான்.

இன்னொன்றும் உண்டு. உயிரணுச் சவ்வின் எந்தப் பக்கம் உப்பு மிகுகிறதோ, அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். காலராக் கிருமியின் நஞ்சு குடலுக்குள் உப்பைக் கொட்ட வைக்கிறது. பின்னாலேயே தண்ணீரும் கொட்டுகிறது. நோய் முற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரை போய்விடும்! வெறும் தண்ணீர் இழந்த உப்பை ஈடுசெய்யாது. உப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தாலும் குடல் போதிய அளவு உறிஞ்சாது. ஆனால் சர்க்கரை சேர்ந்தால் குடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கிறது. காலராவிலும் அந்த வழி அடைபடுவதில்லை. அந்த ஜோடியைத் தொடர்ந்து தண்ணீரும் உடலுக்குள் திரும்புகிறது.

1971. வங்கதேசப் போரில் தப்பி வந்த அகதிகளிடையே காலரா. மேற்கு வங்கத்தின் பங்கான் ஊர் மருத்துவமனையில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். ஏற்றுவதற்கு டிரிப்ஸ் பாட்டில் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் துணிந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதைப் பொட்டலம் கட்டி, கரைத்து, உறவினர்கள் கையாலேயே புகட்ட வைத்தார். அகதி முகாமில் 30 சதவீதம்வரை இருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. தண்ணீரின் குணத்தை அறிந்த அறிவு காப்பாற்றியது! 2023-ல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை. அவரால் பிழைத்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அந்தப் பிஞ்சு உடல் சீக்கிரம் வற்றிவிடும்.

தாய்மார்களே, இதே வகை உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். உறையில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இந்த அளவுக்கு மேல் போகவே கூடாது. வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலும், சிறுநீர் நின்றாலும், குழந்தை துவண்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். போகும் வழியிலும் புகட்டிக்கொண்டே போங்கள்.

வயிற்றுப்போக்கில் தண்ணீரை நிறுத்தாதீர்கள் என்று இன்றே பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.