முருகைக்கல்லில் மலர்ந்த கலை

ஆபிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக, இன்றைய தன்சானியா நாட்டின் தென்பகுதியை அண்டி ஒரு சிறு தீவு உண்டு. கில்வா கிசிவானி என்பது அதன் பெயர். சுவாஹிலி மொழியிலே 'தீவிலுள்ள கில்வா' என்று பொருள்படும். இன்று மீன்பிடிப்போரும் பயிர் செய்வோரும் வாழும் அமைதியான ஊர் அது. ஆயினும் 13ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை இந்து சமுத்திரத்தின் பெருந் துறைமுகங்களுள் ஒன்றாக அது விளங்கிற்று. தெற்கே சோபாலாவிலிருந்து வந்த பொன்னும், உள்நாட்டு யானைத் தந்தமும் அங்கே கைமாறின. அவற்றுக்கு ஈடாக அரபு நாட்டுப் பண்டங்களும், இந்தியத் துணிகளும், சீனப் பீங்கான்களும் வந்திறங்கின. கில்வாவின் சுல்தான்கள் தம் பெயர் பொறித்த செப்புக் காசுகளையும் வெளியிட்டனர்.

இத்தகைய செல்வம் படைத்த நகரம் தன் பள்ளிவாசல்களை எதனால் கட்டிற்று? பளிங்கு அங்கே இல்லை. கடல் தந்த முருகைக்கல்லே அந்நகரின் கட்டடக் கல்லாயிற்று. யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களைக் கண்டவர்களுக்கு இக்கல் புதியதன்று. கில்வாவின் கைவினைஞர் இதனை இரு வகையாகப் பயன்படுத்தினர். கரையிலே இறுகிக் கிடந்த பழைய முருகைக்கல்லைச் சுவர் எழுப்பக் கொண்டனர். நீருக்கடியிலிருந்து புதிதாக வெட்டியெடுத்ததையோ நுண்ணிய வேலைகளுக்கென ஒதுக்கினர். ஈரம் உலருமுன் அது உளிக்கு எளிதில் இணங்கும், உலர்ந்தபின் இறுகிவிடும். வாயில் நிலைகளையும், வளைவுகளையும், தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபின் விளிம்புகளையும் அவர்கள் இக்கல்லிலேயே செதுக்கினர். சுவரைப் பிணைத்த சுண்ணாம்பும் முருகைக்கல்லைச் சுட்டுப் பெற்றதே.

பெரிய பள்ளிவாசல் 11ஆம் நூற்றாண்டளவில் எழுந்தது. பின்னர் அது பெரிதும் விரிவாக்கப்பட்டு, குவிமாடங்களாலும் வளைகூரைகளாலும் மூடப்பட்டது. மக்கா நகர் கில்வாவுக்கு வடக்கே இருத்தலின், மிஹ்ராப் வடசுவரில் அமைந்தது. விண்ணை முட்டும் மினாராக்கள் அங்கே இல்லை. கம்பீரத்தை வெளியே காட்டாது, வரிசையாகச் செல்லும் தூண்களிலும் வளைவுகளிலும் அடக்கிவைத்த கட்டடம் அது.

அலங்காரத்திலே கில்வாவில் குறிப்பிடத்தக்க ஒரு வழக்கு உண்டு. கூரையின் உட்புறத்திலே சுண்ணச் சாந்துக்குள் பீங்கான் கிண்ணங்களைப் பதித்தனர். உணவு பரிமாறுதற்கென்று சீனத்திலே வனையப்பட்ட கிண்ணம், கடல் பல கடந்து வந்து, தொழுவோர் தலைக்குமேல் அணிகலனாயிற்று. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய குவிமாடப் பள்ளிவாசலில் இவ்வழக்கத்தின் அழகு நன்கு புலப்படும். உருவங்களை நாடாத அக்கலைக்கு, வட்டமும் வண்ணமும் மெருகும் போதுமாயிருந்தன.

சுல்தான் அல்-ஹசன் இப்னு சுலைமான் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கடலை நோக்கிய மேட்டிலே ஹுசுனி குப்வா என்னும் அரண்மனையை எழுப்பினார். அதன் எண்கோண நீராடு குளம் இன்றும் காண்போரைக் கவர்கின்றது. 1331ஆம் ஆண்டளவில் கில்வாவுக்கு வந்த இப்னு பதூதா, இச்சுல்தானின் கொடைச் சிறப்பையும் நகரின் வனப்பையும் தம் பயண நூலிலே பாராட்டியுள்ளார்.

இவற்றைக் கட்டியோர் யாவர் என்பது நெடுங்காலம் வாதத்துக்குரியதாயிருந்தது. ஷீராசிலிருந்து வந்த இளவரசர் ஒருவர், தீவைச் சுற்றி விரிக்கத்தக்க அளவு துணி கொடுத்து அதனை வாங்கினார் என்று கில்வாவின் மரபுக் கதை கூறும். ஐரோப்பிய ஆட்சிக் கால அறிஞர் பலர் இதனைப் பற்றிக்கொண்டு, அந்நகரை அந்நியரின் படைப்பு என்றே எழுதினர். பின்வந்த அகழ்வாய்வுகள், கல் வீடுகளுக்கு முன்பே அங்கு ஆபிரிக்க மக்களின் ஊர் இருந்து படிப்படியாக வளர்ந்ததைக் காட்டின. 2023ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வோ, இக்கரையின் பண்டைய நகரத்தவர் பலரிடம் ஆபிரிக்க வழியும் பாரசீக வழியும் கலந்திருந்தமையைக் கண்டது. தாய்வழி பெரும்பாலும் ஆபிரிக்கருடையது. ஆகவே, கதையும் முற்றிலும் பொய்யன்று; நகரமும் இரவல் நகரமன்று. சொந்தக் கடலின் கல்லிலே தொலைநாட்டுக் கிண்ணத்தைப் பதித்த கைகள், அம்மண்ணின் கைகளே.

1502ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கில்வாவிடம் பலவந்தமாகத் திறை பெற்றார். 1505இல் அல்மேதாவின் படையினர் நகரைச் சூறையாடினர். பொன் வாணிகம் கைநழுவிற்று. அத்துணைப் பெரிய கட்டடங்கள் மீண்டும் அங்கு எழவில்லை. 1981இல் கில்வாவின் இடிபாடுகள், அண்டைத் தீவாகிய சொங்கோ ம்னாராவின் இடிபாடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. கடலரிப்பும் சிதைவும் மிகுந்தமையால் 2004இல் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன. சுவர்களைச் செப்பனிட்டுக் கரையைக் காக்கும் முயற்சிகளின் பயனாக 2014இல் அப்பட்டியலிலிருந்து நீங்கின.

கடல் கொடுத்த கல்லைக் கடலே மீளக் கேட்கின்றது. அதனைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு இக்காலத்தவருடையது. ஒரு சுவர் வீழுமாயின், பல நாட்டவர் கூடி வாழ்ந்ததற்கான சான்று ஒன்றும் அதனோடு வீழும்.