பூட்டிய கதவும் மறந்த கதவும்



கணினித் திருட்டு என்றதும் பலருடைய கண்முன் வருவது ஓர் இருட்டறையும், முகத்தை மறைத்துக்கொண்ட ஓர் இளைஞனும்தான். சினிமா கற்றுக்கொடுத்த காட்சி அது. உண்மையில், நிறுவனங்களின் சர்வர்களில் நடக்கும் பல திருட்டுகளில் எந்தப் பூட்டும் உடைபடுவதில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. வந்தவன் தள்ளிப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பாதுகாவலர் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுகிறார். நீங்கள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகப் பத்தாவது மாடியில் இருப்பவர் வீட்டுக்குள் நீங்கள் நுழைந்துவிட முடியுமா? சர்வரும் இப்படி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். "நீ யார்?" என்பது முதல் கேள்வி. "இதைப் பார்க்க உனக்கு அனுமதி உண்டா?" என்பது இரண்டாவது. இரண்டாவதைக் கேட்க மறப்பதுதான் அனுமதிக் கட்டுப்பாட்டுக் கோளாறு. சில சர்வர்கள் முதல் கேள்வியைக்கூடக் கேட்பதில்லை! இணையத்தளங்களின் ஆபத்துகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பு, 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்த இந்தக் கோளாற்றை 2021இல் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் வீடு வாங்குவோரின் பத்திரங்களைக் கையாளும் பர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தில் 2019 மே மாதம் வெளிவந்த விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். இணைய முகவரியில் உள்ள ஆவண எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் முன்பின் தெரியாத ஒருவரின் ஆவணம் திரையில் வந்து நின்றது. கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. ஏறக்குறைய 885 மில்லியன் கோப்புகள் அப்படிக் கிடந்தன. நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவே அதே ஆண்டு ஜனவரியில் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தது. அடைக்கத்தான் ஆளில்லை.

சிங்கப்பூருக்குச் சற்று நெருக்கமான கதை ஒப்டஸ். ஆஸ்திரேலியாவின் இந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தை சிங்டெல் 2001இல் வாங்கியது. 2022 செப்டம்பர் 17 முதல் 20 வரை, ஏறக்குறைய 9.5 மில்லியன் பேரின் விவரங்களை யாரோ அதன் சர்வரிலிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி மட்டுமல்ல, பலருடைய கடப்பிதழ் எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் போயின. அவர்களில் 10,000க்கும் அதிகமானோரின் விவரங்கள் இணையத்தின் இருட்டு மூலையில் வெளியிடப்பட்டன.

இது நுட்பமான தாக்குதல் என்றது நிறுவனம். இல்லை, மிகச் சாதாரணமானது என்றார் ஆஸ்திரேலிய உள்துறை அமைச்சர். 'நுட்பமான தாக்குதல்' என்று நிறுவனங்கள் சொல்லும்போது சற்று யோசித்துக் கேட்பது நல்லது.

ஆஸ்திரேலியத் தொடர்பு, ஊடக ஆணையம் 2024இல் ஒப்டஸ் மீது வழக்குத் தொடுத்தபோது உள்விவரம் தெரியவந்தது. ஆணையத்தின் குற்றச்சாட்டு இதுதான்: 2018இல் மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தின்போது பிழை நேர்ந்து, அனுமதிச் சோதனை செயலிழந்தது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு இணைய வாசல்களில் அந்தப் பிழை இருந்தது. 2021 ஆகஸ்டில் பிழையைக் கண்டுபிடித்த ஒப்டஸ், முதன்மை வாசலில் மட்டும் அதைச் சரிசெய்தது. மற்ற வாசல் யாருக்கும் தேவைப்படாமல் சும்மா கிடந்தது. அதை மூடவுமில்லை, பழுதுபார்க்கவுமில்லை. ஓராண்டு கழித்துத் திருடன் வந்தது அந்த வழியாகத்தான்.

தன் மென்பொருளில் பழைய பிழை ஒன்று இருந்ததை ஒப்டஸ் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நபர் பல்லாயிரம் இணைய முகவரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, வழக்கமான வாடிக்கையாளரைப் போல நடித்துக் கண்காணிப்புக்குத் தப்பினார் என்றும் கூறியது. அதுவும் கவனிக்க வேண்டிய விஷயமே. என்றாலும், திறந்து கிடந்த கதவுக்கு அது பதிலாகாது.

இதில் வாடிக்கையாளர் செய்யக்கூடியது என்ன இருந்தது? எவ்வளவு கடினமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் இங்கே பயனில்லை, ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவே இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் ஒப்டஸை விட்டு எப்போதோ விலகியவர்களும் உண்டு. கைத்தொலைபேசிச் சந்தாவை நிறுத்தி, எண்ணையும் மறந்துவிட்டவர்கள் புதிய கடப்பிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவை ஏற்க ஒப்டஸ் சம்மதித்தது. அலைச்சல் அவர்களுடையது. தனிநபர் விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கான உச்ச அபராதத்தை ஆஸ்திரேலியா அதே ஆண்டு 2.22 மில்லியன் வெள்ளியிலிருந்து 50 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளிக்கும் மேல் உயர்த்தியது.

திருட வருபவனுக்கு அங்கே எதுவும் இல்லை என்றால் திறந்த கதவாலும் பெரிய நஷ்டமில்லை. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்கும் இடங்களிலும் ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டிய இடங்களிலும் தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக் கூடாது. அதிர்ஷ்டக் குலுக்கல் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டுக் காலியாக விடலாம்.