ஓசூர் என்றால் புதூர்
(மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற திங்களில் நானும் தோழர் மூவரும் ஓசூர், கிருட்டிணகிரிப் பக்கம் மூன்று நாள் செலவு மேற்கொண்டு திரும்பினோம். கண்டவற்றை அவையில் கூறுக என்றார் மன்றத் தலைவர். கண்டவை பல. அவற்றுள் என்னை உறங்கவிடாத ஒன்றை மட்டும் விரித்துரைத்துப் பிறவற்றைத் தொட்டுச் செல்ல எண்ணுகின்றேன்.

முதல்நாள் பர்கூருக்கு அண்மையிலுள்ள மயிலாடும்பாறை. 2021ஆம் ஆண்டில் தமிழகத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தது. அங்குக் கிடைத்த கரிமப் பொருளை அமெரிக்க ஆய்வகத்திற்கு விடுத்துக் கணித்ததில், இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்செல்வது தெரிந்தது. 2022 மே திங்களில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே இதனை அறிவித்தார். நாலாயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முன் இரும்பை ஆண்ட மண்ணை வெறுங்காலால் மிதித்து நின்றோம். அடுத்து மல்லசந்திரத்துக் கல்திட்டைகள். பெரும்பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றிய ஈமக் கட்டடங்கள். நம் நாட்டுப்புறத்தில் இத்தகையவற்றைப் 'பாண்டவர் வீடு' என்பார்கள். தம் பாட்டன் எழுப்பிய கல்லைத் தம்மது என்று சொல்லத் துணியாமல், வடநாட்டுக் கதைமாந்தர்க்கு எழுதிக்கொடுத்த இனம் நம்முடைய இனம்!

இரண்டாம் நாள்தான் நான் சொல்ல வந்தது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், தோழர் ஒருவரின் உறவினர் அறிமுகப்படுத்திய வீட்டில் உண்டோம். கேழ்வரகுக் களி, கொள்ளுச்சாறு, கீரை மசியல். களியை மெல்லாமல் உருட்டி விழுங்கும் முறையை அந்த வீட்டு அம்மையார் எங்களுக்குக் கற்பித்தார். நாங்கள் மென்றதைக் கண்டு சிரித்தார். வீட்டில் பேசும் மொழி கன்னடம். எங்களிடம் தமிழில் பேசினார். அகத்தே திரும்பி மகளை நோக்கிப் பால் கொண்டுவரச் சொன்னபோது, அச்சொல் என் செவியில் 'ஆலு' என்று விழுந்தது.

தோழர்களே, பழங்கன்னடத்தில் சொன்முதற் பகரம் நம்மைப் போலவே இருந்தது. பின்னை நூற்றாண்டுகளில் அது படிப்படியே மூச்சொலியாகத் தேய்ந்தது. நம் பால் அங்கே மூச்சொலி பெற்று 'ஆலு' ஆயிற்று. நம் பூ 'ஊவு'. நம் புலி 'உலி'. நம் புகை 'ஒகே'. அம்மூச்சொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. ஆகவே நம் மக்கள் அதனைத் தள்ளிவிட்டு எஞ்சியதை எழுதினர். ஒகேனக்கல் என்பது புகைக்கல்லே. மாரண்டஅள்ளியில் உள்ள அள்ளி நம் பள்ளியே. அதே வட்டாரத்தில் தொரப்பள்ளி, கெலவரப்பள்ளி எனப் பகரம் தேயாத ஊர்களும் உள. புது என்னும் சொல்லுக்கு உறவான பழங்கன்னடச் சொல் 'பொச'. அதன் பகரம் தேய்ந்ததால் விளைந்ததே ஓசூர். அஃதாவது, புதூர்! தமிழகத்தில் எத்தனை புதூர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

அன்றிரவு தங்கிய விடுதியில் எங்களுள் ஒரு பூசல். "இப்பெயர்களையெல்லாம் தமிழாக்க வேண்டும் என நம் மன்றம் முடிவு இயற்றுக" என்றார் ஒரு தோழர். கல்வெட்டுகளில் ஓசூருக்குச் செவிடபாடி என்னும் பழம்பெயர் வழங்குவதையும் எடுத்துக்காட்டினார். அவர் உணர்வை மதிக்கின்றேன், உடன்பட மறுத்தேன். இன்றும் மறுக்கின்றேன். ஓசூர் அயற்சொல் அன்று. உடன்பிறந்தாள் வாயில் தேய்ந்த நம் சொல். நாம் சினக்க வேண்டிய இடம் வேறு. நந்திமலையில் தோன்றி இவ்வழி வரும் தென்பெண்ணையை 'தட்சிண பினாகினி' என்று எழுதினார்களே, அங்கே சினந்திருக்க வேண்டும். ஓசூர்க் குன்றின்மேல் கோயில் கொண்டவரைப் பிறைசூடி என்று அழைக்க நாக்கு வராமற் போனதே, அங்கே சினந்திருக்க வேண்டும். அந்தத் தென்பெண்ணையோ இன்று பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து, கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குகின்றது. பெயரில் மட்டுமா மாசு!

கன்னடர்பால் எனக்குக் கசப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி 1991 திசம்பரில் பெங்களூரில் வன்செயல் வெடித்தபோது, ஏதிலியராய் இந்த எல்லை வழியே வந்த தமிழரை யான் மறவேன். 2016 செப்டம்பரில் தமிழகப் பதிவெண் தாங்கிய பேருந்துகள் எரிந்ததையும், அத்திப்பள்ளி எல்லையை மக்கள் மூட்டையோடு நடந்து கடந்ததையும் மறவேன். அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுத்திய வள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் 2009 வரை மூடிக் கிடந்தது. இவற்றைச் செய்த கூட்டம் வேறு. எனக்குக் களி உருட்டித் தந்த அம்மையார் வேறு.

மூன்றாம் நாள் தொழிற்பேட்டை. 1971இல் அரசு சிப்காட்டைத் தோற்றுவித்த பின் வளர்ந்தது இது. சரக்குந்தும் ஈருருளியும் கைக்கடிகாரமும் இங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. 1984இல் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூட்டாகத் தொடங்கியதே டைட்டன். ஒரு தொழிற்சாலையின் வாயிலில் நின்றோம், பெயர் வேண்டா. தீ எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தமிழில் இல்லை. உள்ளே பணிபுரிபவருள் தமிழ் மட்டும் அறிந்தோர் எத்தனை பேர் என்று காவலரை வினவினேன். "என்னைப் போலப் பலர், ஐயா" என்றார். தீப்பற்றினால் அவர் எதைப் படித்து எவ்வழி ஓடுவார்? ஊர்ப்பெயருக்காக நாம் செலவிடவிருந்த தாளையும் மையையும் இதற்குச் செலவிட்டோம்: அன்றே மடல் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் பெற்று வந்தோம். விடை இன்னும் வரவில்லை.

மாம்பழம் பற்றிச் சொல்லாவிடில் கிருட்டிணகிரியார் என்னை மன்னியார். அங்குக் குவிந்து விளைந்து, சாறு பிழியும் ஆலைகட்குச் செல்லும் பழத்தின் மூக்கைப் பார்த்துக் கிளிமூக்கு என்று பெயரிட்டனர் நம் மக்கள். சந்தையில் அதற்குப் பெயர் 'பெங்களூரா'. விளைவது இங்கே, பெயர் அங்கே! இதற்கு மட்டும் அத்தோழர் சொன்ன முடிவை இயற்ற எனக்கு உடன்பாடு.

பழப் பருவத்தில் மீண்டும் செல்கின்றோம். அம்மாவட்டக் கல்வெட்டுகளுள் கன்னடத்தில் அமைந்தவையும் உள. ஆகவே அவ்வெழுத்தறிந்த தோழர் ஒருவரேனும் உடன்வர வேண்டும். நான் இப்போதுதான் அகரம் தொடங்கியிருக்கின்றேன்.